வேலை சில வாரம், சந்தா ஆண்டு முழுவதும்: வடிவமைப்பு மென்பொருளுக்குச் சுயதொழில் செய்வோர் எவ்வளவு செலவிட வேண்டும்?

திருமண அழைப்பிதழ், புதிதாகத் திறக்கும் கடையின் சின்னம், ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை, தேர்தல் காலத்துத் துண்டுப் பிரசுரம் என ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டுமே வரைகலைப் பணி கிடைக்கும் சுயதொழில் வடிவமைப்பாளர்கள் நாடு முழுவதும் உள்ளனர். பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு இரவில் இப்பணியைச் செய்வோர், படிப்பை முடித்து நிலையான வேலைக்குக் காத்திருப்போர், குழந்தை வளர்ப்புக்காக அலுவலகப் பணியை விட்டவர்கள் ஆகியோரும் இவர்களில் அடங்குவர். இவர்களது வருமானம் பருவத்தைப் பொறுத்தது. ஆனால், அவர்கள் பயன்படுத்தும் மென்பொருளுக்கான கட்டணம் பருவம் பார்ப்பதில்லை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதந்தோறும் குறிப்பிட்ட தேதியில் அது வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது.

இந்த நிலை எப்படி ஏற்பட்டது, சட்டத்தை மீறாமல் செலவைக் குறைக்க என்ன வழிகள் உள்ளன, எந்த இடத்தில் கவனம் தேவை என்பன குறித்து இங்கே காண்போம்.

விலைக்கு வாங்கிய காலம்

ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் ஆகிய மென்பொருள்களைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான அடோபி, 2012-ஆம் ஆண்டில் 'கிரியேட்டிவ் சூட் 6' என்ற தொகுப்பை வெளியிட்டது. ஒருமுறை விலை கொடுத்தால் காலவரையின்றிப் பயன்படுத்தலாம் என்ற முறையில் அந்நிறுவனம் வெளியிட்ட கடைசித் தொகுப்பு அதுவே. 2013-ஆம் ஆண்டு மே மாதம், இனி புதிய பதிப்புகள் 'கிரியேட்டிவ் கிளவுட்' என்ற சந்தா முறையில் மட்டுமே கிடைக்கும் என்று அடோபி அறிவித்தது. கட்டடக்கலை, பொறியியல் வரைபடங்களுக்கான ஆட்டோகேட் மென்பொருளைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமும் 2016-ஆம் ஆண்டில் புதிய நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்தியது. 2020-ஆம் ஆண்டு இறுதியில் ஸ்கெட்ச்அப் மென்பொருளும் அதே வழியில் சென்றது.

நாள்தோறும் எட்டு மணி நேரம் மென்பொருளைப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கு இந்த மாற்றம் பெரிய சுமையாக அமையவில்லை. மொத்தமாகச் செலுத்த வேண்டிய பெருந்தொகை சிறு தவணைகளாகப் பிரிந்தது. புதிய பதிப்புகளும் உடனுக்குடன் கிடைத்தன. பாதிப்பு ஏற்பட்டது அரிதாகப் பயன்படுத்துவோருக்குத்தான். முன்பு ஒரு பதிப்பை வாங்கி ஐந்தாறு ஆண்டுகள் அதையே வைத்துச் சமாளித்த ஒருவருக்கு, இப்போது அந்த வாய்ப்பே இல்லை.

அதேநேரம், பழைய நிரந்தர உரிமம் என்றென்றைக்கும் கைகொடுக்கும் என்று கருதவும் இயலாது. ஆப்பிள் நிறுவனம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட 'காட்டலினா' இயங்குதளம் 32-பிட் செயலிகளை ஏற்க மறுத்தது. பழைய மென்பொருளை வைத்திருந்த பலர், கணினியைப் புதுப்பிக்காமல் இருப்பதா, மென்பொருளைக் கைவிடுவதா என்ற நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

மாதக் கட்டணமா, ஆண்டு ஒப்பந்தமா?

சந்தாத் திட்டங்கள் பொதுவாக மூன்று வகைப்படும். முதலாவது, எந்த மாதத்திலும் நிறுத்திக்கொள்ளக்கூடிய மாதாந்திரத் திட்டம். இரண்டாவது, ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே மொத்தமாகச் செலுத்தும் திட்டம். மூன்றாவது, ஓராண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு அதை மாதத் தவணைகளில் செலுத்தும் திட்டம். சிக்கல் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான் எழுகிறது. திரையில் தெரிவது மாதத் தொகை என்பதால், அதை மாதாந்திரத் திட்டம் என்றே பலர் எண்ணிவிடுகின்றனர்.

இது தொடர்பாக அமெரிக்க நீதித் துறை, அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையத்தின் பரிந்துரையின் பேரில், 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அடோபி நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தது. மாதத் தவணையில் செலுத்தும் ஆண்டுத் திட்டத்தை முதலாண்டிலேயே ரத்து செய்வோரிடம், மீதமுள்ள தவணைகளில் 50 சதவீதம் முன்கூட்டிய ரத்துக் கட்டணமாக வசூலிக்கப்படுவதாகவும், பதிவு செய்யும்போது இந்த விவரம் தெளிவாகத் தெரிவிக்கப்படுவதில்லை என்றும் அந்த மனுவில் குற்றம்சாட்டப்பட்டது. இக்குற்றச்சாட்டுகளை அடோபி மறுத்தது.

இந்த 50 சதவீத விதி நடைமுறையில் என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்கின் மூலம் அறியலாம். புரிதலுக்காக, ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு மென்பொருளின் மாதத் தவணை ரூ.2,000 என்று வைத்துக்கொள்வோம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தும் திட்டத்தில் அதே மென்பொருளுக்கு மாதம் ரூ.3,000 என்று கொள்வோம். அமெரிக்காவில் 2024-ஆம் ஆண்டில் ஃபோட்டோஷாப் தனிச் செயலிக்கு இருந்த இருவகைக் கட்டணங்களுக்கு இடையேயும் ஏறத்தாழ இதே ஒன்றரை மடங்கு வேறுபாடுதான் இருந்தது.

மூன்று மாதங்களுக்கு மட்டும் மென்பொருள் தேவைப்படும் ஒருவர், விலை குறைவு என்று எண்ணி ஆண்டு ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுக்கிறார். மூன்று தவணைகளுக்கு ரூ.6,000. ரத்து செய்யும்போது மீதமுள்ள ஒன்பது தவணைகளின் மொத்தமான ரூ.18,000-இல் பாதி, அதாவது ரூ.9,000. ஆக மொத்தம் ரூ.15,000. விலை கூடுதலாகத் தெரிந்த மாதாந்திரத் திட்டத்தில் அவர் செலுத்தியிருக்க வேண்டியது ரூ.9,000 மட்டுமே. ஆறு மாதப் பயன்பாட்டில் இரு திட்டங்களும் ரூ.18,000 என்று சமமாகின்றன. அதற்கு மேல் பயன்படுத்துவோருக்குத்தான் ஆண்டு ஒப்பந்தம் லாபம். மாதாந்திரத் திட்டத்தில் உள்ள மற்றொரு வசதி, அந்த ஆறு மாதங்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை என்பது. முகூர்த்த மாதங்களில் எடுத்து, மற்ற மாதங்களில் நிறுத்திவைக்கலாம்.

இந்தத் தொகைகளுடன் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். எனவே விளம்பரத்தில் தெரியும் தொகை வரி உள்பட்டதா என்பதைப் பணம் செலுத்தும் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நாள் கணக்கில் கட்டணம் என்பதே அரிதாகப் பயன்படுத்துவோருக்கு இயல்பாகப் பொருந்தும் முறை. ஆனால் வரைகலைத் துறையில் அத்தகைய ஏற்பாடு பரவலாக இல்லை. ஆட்டோடெஸ்க் நிறுவனம் 'ஃபிளெக்ஸ்' என்ற பெயரில் டோக்கன்களை விற்கிறது. மென்பொருளைத் திறக்கும் ஒவ்வொரு 24 மணி நேரத்திற்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான டோக்கன்கள் கழிக்கப்படும். மாதத்தில் ஓரிரு நாள் மட்டும் ஆட்டோகேட் தேவைப்படும் கட்டட வரைவாளருக்கு இது சிக்கனமாகலாம். வாங்கிய டோக்கன்கள் ஓராண்டில் காலாவதியாகிவிடும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வங்கியில் நிறுத்தினால் போதுமா?

இந்திய ரிசர்வ் வங்கியின் விதிமுறைகளின்படி, 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி முதல், அட்டைகள் மூலம் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு வாடிக்கையாளரின் கூடுதல் சரிபார்ப்புடன் கூடிய முன் ஒப்புதல் கட்டாயம். ஒவ்வொரு முறையும் பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன்பு வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்த அறிவிப்பிலிருந்தே பணம் எடுப்பதைத் தடுக்கவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. சந்தா போன்ற தொகைகள் ரூ.15,000-க்கு மேற்பட்டால், ஒவ்வொரு முறையும் கூடுதல் சரிபார்ப்பு தேவை. இந்த வரம்பு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரூ.5,000-இலிருந்து உயர்த்தப்பட்டதாகும்.

மறந்துபோன சந்தாக்களைக் கண்டறிய இந்த அறிவிப்பு பெரிதும் உதவுகிறது. ஆனால் இதில் ஒரு நுட்பமான வேறுபாடு உள்ளது. வங்கிக்கு வழங்கிய ஒப்புதலை ரத்து செய்வது பணம் எடுக்கப்படுவதை மட்டுமே நிறுத்தும். மென்பொருள் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஆண்டு ஒப்பந்தம் அதனால் முடிவுக்கு வந்துவிடாது. நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள கணக்கில் நுழைந்து முறைப்படி ரத்து செய்து, அதற்கான மின்னஞ்சலைப் பத்திரப்படுத்திய பிறகு வங்கி ஒப்புதலை நீக்குவதே சரியான வரிசை.

ரத்து செய்யும் வழியை வேண்டுமென்றே சிக்கலாக்குவது இந்தியாவில் முறையற்ற வணிக உத்தியாகக் கருதப்படுகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அறிவிக்கை செய்த வழிகாட்டுதல்களில் இத்தகைய 13 உத்திகள் பட்டியலிடப்பட்டுள்ளன. 'சந்தாப் பொறி' அவற்றுள் ஒன்று. தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆவாரா என்ற கேள்வி இங்கு எழலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குவோரை விலக்குகிறது. ஆனால் சுயதொழில் மூலம் வாழ்வாதாரம் ஈட்டுவதற்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்றும் அச்சட்டமே விளக்குகிறது. அந்த விளக்கம் 'பொருள்' என்ற சொல்லோடு நிற்பதால், சந்தா பொருளா, சேவையா என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்ய இந்த வாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

'கிராக்' பதிப்பும் 63பி பிரிவும்

கட்டணத்தைத் தவிர்க்கப் பலர் நாடும் வழி, பூட்டு உடைக்கப்பட்ட 'கிராக்' பதிப்பு. கணினி பழுதுபார்க்கும் கடைகளில் இயங்குதளத்தை நிறுவும்போதே இவற்றையும் சேர்த்து நிறுவித் தரும் வழக்கம் உண்டு. தனிநபரை யார் தேடி வரப்போகிறார்கள் என்ற எண்ணமே இதற்குப் பின்னணி.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 63பி பிரிவு, உரிமம் மீறிய நகல் என்று அறிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவோருக்குக் குறைந்தபட்சம் 7 நாள்கள் முதல் அதிகபட்சம் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்க வகை செய்கிறது. ஆதாயத்துக்காகவோ, தொழில் நடவடிக்கையிலோ பயன்படுத்தப்படவில்லை எனில், நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்த்து, ரூ.50,000-க்கு மிகாத அபராதத்தோடு விடலாம். இந்தச் சலுகை யாருக்குக் கிடைக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் பொழுதுபோக்காகப் படம் வரையும் மாணவருக்கு அது கிடைக்கக்கூடும். ஓர் அழைப்பிதழுக்கு ரூ.500 வாங்கினாலும், அது ஆதாயத்துக்கான பயன்பாடுதான்.

சட்டத்தைவிட உடனடியான ஆபத்து வேறு உள்ளது. பூட்டு உடைக்கும் நிரல்களை நிறுவும்போது, வைரஸ் தடுப்பு மென்பொருளை அணைத்துவைக்குமாறு கூறப்படுவது வழக்கம். வாடிக்கையாளர்களின் கோப்புகளும் வங்கிச் செயலியும் உள்ள அதே கணினியில் இதைச் செய்வது, கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியூர் செல்வதற்கு ஒப்பானது.

இணையத்தில் மிகக் குறைந்த விலையில் விற்கப்படும் 'வாழ்நாள் உரிமம்' என்பதையும் இதே வரிசையில்தான் வைக்க வேண்டும். நிறுவனமே நிரந்தர உரிமம் வழங்காத ஒரு மென்பொருளுக்கு இடைத்தரகர் எங்கிருந்து அதைப் பெற்றுத் தருகிறார் என்ற ஒரு கேள்வியே போதும். நண்பர்கள் சேர்ந்து ஒரே சந்தாவைப் பகிர்ந்துகொள்வதும் தனிநபர் உரிம ஒப்பந்தத்துக்கு முரணானது.

கட்டணமில்லா மாற்றுகள்

இத்துறையில் அண்மையில் நிகழ்ந்த பெரிய மாற்றம், பிரிட்டனைச் சேர்ந்த செரிஃப் நிறுவனத்தின் 'அஃபினிட்டி' மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கத் தொடங்கியதாகும். ஒருமுறை விலைக்கு விற்கப்பட்டு வந்த அஃபினிட்டியை, ஆஸ்திரேலியாவின் கேன்வா நிறுவனம் 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கையகப்படுத்தியது. படத் திருத்தம், வெக்டர் வரைதல், பக்க அமைப்பு ஆகிய மூன்றையும் ஒரே செயலியாக்கி, 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி கேன்வா அதை இலவசமாக வெளியிட்டது. கேன்வா கணக்கு ஒன்று தேவை. செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் கட்டணச் சந்தா வேண்டும்.

ஆனால் இந்திய வாசகர்கள் இதில் ஒன்றைச் சோதிக்க வேண்டும். அஃபினிட்டியின் முந்தைய பதிப்புகளில் இந்திய மொழி எழுத்துகள் சரியாக அமையவில்லை. கொம்பும் காலும் இடம் மாறின. இந்தியில் கூட்டெழுத்துகள் பிரிந்து நின்றன. எந்தப் புதிய மென்பொருளாக இருந்தாலும், 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' ஆகிய எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகளைத் தட்டச்சு செய்து, பிடிஎஃப் கோப்பாக மாற்றிப் பார்த்த பிறகே வேலையை ஒப்புக்கொள்வது பாதுகாப்பானது.

கட்டற்ற மென்பொருள்களில் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துள்ளது. படத் திருத்தத்துக்கான கிம்ப், வெக்டர் வரைதலுக்கான இங்க்ஸ்கேப், பக்க அமைப்புக்கான ஸ்கிரைபஸ் ஆகிய மூன்றும் யூனிகோட் தமிழைச் சரியாகக் காட்டுகின்றன. 1995-ஆம் ஆண்டில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் இருவரால் தொடங்கப்பட்ட கிம்ப், 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3.0 பதிப்பை எட்டியது. மூலப் படத்தைக் கெடுக்காமல் விளைவுகளைச் சேர்த்து, பின்னர் மாற்றிக்கொள்ளும் வசதி அதில்தான் வந்தது. ஃபோட்டோஷாப் பயன்படுத்தியவர்கள் நீண்டகாலமாகச் சுட்டிக்காட்டிய குறைகளில் அது முக்கியமானது.

இவை தொழில்முறைப் பணிக்கு ஈடுகொடுக்குமா என்ற ஐயத்துக்குக் கேரளத்தில் ஒரு சான்று உள்ளது. 'ஜனயுகம்' மலையாள நாளிதழ் 2019-ஆம் ஆண்டில் தனது அச்சுப் பக்கத் தயாரிப்பை முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. பேஜ்மேக்கரையும் பழைய எழுத்துருக்களையும் கைவிட்டு, ஸ்கிரைபஸ் மூலம் யூனிகோட் மலையாளத்தில் பக்கங்கள் அமைக்கப்பட்டன. நாள்தோறும் குறித்த நேரத்துக்குள் அச்சுக்குச் செல்ல வேண்டிய நாளிதழுக்குப் போதுமானது, ஆண்டுக்கு ஒருமுறை வரும் அறிக்கைக்குப் போதாது என்று கூறுவது கடினம். இருப்பினும், அந்நாளிதழின் பணியாளர்களுக்கு அதற்கெனப் பயிற்சி வழங்கப்பட்டது. தனியாகப் பணியாற்றுபவர் அந்த நேரத்தைத் தானே செலவிட வேண்டும். கட்டற்ற மென்பொருளின் உண்மையான விலை அதுதான். வேலையில்லாத மாதங்களில் அதைச் செலுத்துவது எளிது.

முப்பரிமாணப் பணிகளில் பிளெண்டர் மென்பொருளின் தரம் குறித்து இனி விவாதமே தேவையில்லை. அதில் உருவாக்கப்பட்ட 'ஃப்ளோ' என்ற லாட்வியத் திரைப்படம் 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. காணொளித் தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு உள்ளது. வாடிக்கையாளர் அனுப்பும் ஃபோட்டோஷாப் கோப்பைத் திறந்து சிறு திருத்தம் செய்ய மட்டும் வேண்டுமெனில், உலாவியிலேயே இயங்கும் ஃபோட்டோபியா போதும்.

இலவசம் என்ற சொல் எல்லா இடங்களிலும் ஒரே பொருள் தருவதில்லை. ஸ்கெட்ச்அப் மென்பொருளின் இலவச இணையப் பதிப்பும், ஆட்டோடெஸ்க் வழங்கும் மாணவர் உரிமமும் வணிகப் பணிக்கு அனுமதிப்பதில்லை. கட்டற்ற மென்பொருள்களில் அத்தகைய தடை இல்லை.

அச்சகம் கேட்கும் கோப்பு

மாற்று மென்பொருளுக்கு மாறுவதில் பெரும்பாலானோர் தடுமாறும் இடம் அச்சகம். இந்திய அச்சகங்களில் கோரல்ட்ரா பரவலாகப் பயன்பாட்டில் உள்ளது. கோப்பை அதன் வடிவத்திலேயே தருமாறு கேட்கும் அச்சகங்கள் ஏராளம். இந்தியில் கிருதிதேவ், தமிழில் பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருக்களும் அங்கே இன்னும் புழக்கத்தில் உள்ளன. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே அச்சகத்துடன் பேசி, பிடிஎஃப் ஏற்கப்படுமா என்று உறுதி செய்துகொண்டால், இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். எழுத்துகளை 'கர்வ்' ஆக மாற்றி அனுப்பினால் எழுத்துருச் சிக்கலும் எழாது.

மற்றொரு பாதி நிறம் தொடர்பானது. திரைக்கான ஆர்ஜிபி நிறங்களும் அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறங்களும் வேறுவேறு. கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டும் அடிப்படையில் ஆர்ஜிபி முறையில் செயல்படுபவை. எனவே அவற்றில் வரைந்ததை ஸ்கிரைபஸ் மென்பொருளில் சேர்த்து, அங்கிருந்து சிஎம்ஒய்கே பிடிஎஃப் கோப்பாக எடுப்பதே பலரும் பின்பற்றும் வழி.

கட்டணம் செலுத்தினாலும் நிறம் கைவிட்டுப் போகலாம் என்பதை 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாத நிகழ்வு காட்டியது. அடோபி செயலிகளில் இருந்த பான்டோன் நிறத் தொகுப்புகள் பல நீக்கப்பட்டன. அந்நிறங்களைப் பயன்படுத்திய பழைய கோப்புகளைத் திறந்தவர்களுக்கு அவை கருப்பாகத் தெரிந்தன. அவற்றை மீண்டும் பெற பான்டோன் நிறுவனத்துக்குத் தனிச் சந்தா செலுத்த வேண்டியிருந்தது.

சந்தாவை நிறுத்தும் முன்

மாதாந்திரச் சந்தாவை எடுத்து, வேலை முடிந்ததும் நிறுத்துவோர் கடைசி நாளுக்கு முன் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. சந்தா முடிந்தபின், அந்த மென்பொருளின் சொந்த வடிவத்தில் உள்ள கோப்புகளை அதைக் கொண்டு திறக்க முடியாது. ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றித் தருமாறு கேட்டால், அதற்காக மீண்டும் ஒரு மாதக் கட்டணம் செலுத்த நேரிடும். எனவே இல்லஸ்ட்ரேட்டர் படங்களை எஸ்விஜி, பிடிஎஃப் வடிவங்களிலும், இன்டிசைன் பக்கங்களை ஐடிஎம்எல் வடிவத்திலும், படங்களை டிஃப் வடிவத்திலும் ஒரு நகல் எடுத்து வைப்பது அவசியம். சந்தாவுடன் கிடைத்த அடோபி எழுத்துருக்களும் சந்தா முடிந்ததும் மறைந்துவிடும். கேட்டமரன், முக்த மலர், மீரா இனிமை, நோட்டோ போன்ற தமிழ் எழுத்துருக்கள் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம் என்பதால், அவற்றைக் கொண்டு வடிவமைத்தால் இந்தக் கவலை இல்லை.

குறிப்பிட்ட மென்பொருளில்தான் கோப்பு வேண்டும் என்று வாடிக்கையாளரே வலியுறுத்தினால், அந்த மாதச் சந்தாவை விலைப்புள்ளியில் தனி வரியாகக் காட்டலாம். அச்சுக்கூலியையும் காகித விலையையும் தனியாகக் காட்டும் அச்சகங்கள் இதைத்தான் செய்கின்றன.

வரி விஷயத்தில், வரவு செலவுக் கணக்குகளைப் பராமரித்து உண்மையான லாபத்துக்கு வருமான வரி செலுத்துவோர், சந்தாவைத் தொழில் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். உத்தேச வருமானத் திட்டத்தின் கீழ் கணக்கு காட்டுவோருக்குத் தனியாக அந்தக் கழிவு இல்லை. ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள், சந்தாவைத் தங்கள் பதிவு எண்ணுடன் எடுத்திருந்தால், செலுத்திய 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடியும். சேவைத் துறையில் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு வருவாய் ரூ.20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம் என்பதால், அவ்வப்போது மட்டும் பணியாற்றும் வடிவமைப்பாளர்களில் பெரும்பாலோருக்கு அந்த வரியும் செலவுக் கணக்கிலேயே சேரும்.